கூவுனது கூவுனதுதான்

பிலோமினா மிஸ் விசில் ஊதியதும் கோகிலவாணியின் தொண்டைக்குள் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள், உக்கடம் பஸ் வந்துவிட்டதைப்போல முண்டியடித்துக்கொண்டு, நான் முதல்ல, நான் முதல்ல என்று. உட்காருங்கப்பா எல்லாரும், இன்னிக்கு யாருக்கும் டிக்கெட் கிடையாது, என்று உள்ளுக்குள் அதட்டினாள். அதட்டிய பிறகுதான் கவனித்தாள், அதட்டியதும் தன் குரலில் இல்லை, மிஸ் குரலில்தான், எட்டாம் வகுப்பைக் கிரவுண்டில் வரிசைகட்ட வைக்கும் பி.டி. மிஸ், 'கோணலா நிக்கிறதுக்கு நீயென்ன கொய்யா மரமா' என்கிற மிஸ். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் மடக்கி வைத்தாள், விருந்தாளி போனபின் பாயைச் சுருட்டி மூலையில் சாய்ப்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை, மூணு மணி. சிங்காநல்லூரில் ஹாரூன் அண்ணனின் மொபைல் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கிற இந்த அறையில் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. நடுவில் பழைய கதவுகள் இரண்டை ட்ரம்கள் மேல் படுக்கப் போட்டிருக்கிறார்கள், கீல் கழற்றிய தழும்புகூட மறையவில்லை. அதன்மேல் கறுப்புப் பெயின்ட்டில் தார்ரோடு, ரோட்டோரம் மருந்து அட்டைப்பெட்டிகளில் கட்டிடங்கள், இருமல் மருந்துப் பெட்டிதான் தாலுகா ஆபீஸ். ரோட்டில் ஒன்றையொன்று சுட்டும் மோதியும் வீழ்த்துகிற மூன்று பொம்மை வண்டிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். ஹாரூன் அண்ணனின் மஞ்சள் ஆம்புலன்ஸ், கூரைமேல் இயர்போன் வயரில் செய்த நெருப்புக்குழல். நாச்சிமுத்து மாமாவின் பச்சை ஜீப், பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிற கையல்லவா, நிஜப் பித்தளையில் கடைந்த பீரங்கி, அதன் ஓட்டைக்குள் குண்டூசி நுழையும். ஜீப்புக்கு நேர் பின்னால் எட்டு விரற்கடை தள்ளி கோகியின் சிவப்பு டாக்சி. பால்பாயின்ட் ரீஃபிலை வெட்டி ஒட்டிய இரட்டைத் துப்பாக்கி, முகத்தில் சேஃப்டிபின்களை வளைத்துச் செய்த பல்வரிசை, மோதுவதற்கென்றே. மூன்று வண்டிகளும் சும்மா நின்றன. பொம்மைக்கு என்ன கவலை. நகரச் சொன்னால் நகரும். நகரச் சொல்வதற்குத்தான் வாய் வேண்டும், அந்த வாய்தான் இன்றைக்கு வழக்கில் இருக்கிறது.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கூவணும், அதுதான் இந்த மேஜையின் சட்டம். எத்தனையாவது கியர், எந்த அட்டை. அட்டை மூன்றே மூன்று, நேர், வளைவு, திருகல், யாருடைய எக்ஸ்ரே பிலிமிலோ வெட்டியது. வளைவு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு விலா எலும்பு தெரியும். ஒரு அட்டை நாலு விரற்கடை. எத்தனை கியரோ அத்தனை முறை அட்டையை வைத்து வண்டியை நகர்த்தணும். கூவியதை மிஸ் நோட்டில் எழுதிவிடுவார், எழுதினால் முடிந்தது, வாய் தவறினாலும் சரி, நாக்கு குளறினாலும் சரி, கூவுனது கூவுனதுதான். ஒருமுறை ஹாரூன் அண்ணன் வளைவு என்பதற்குப் பதில் திருகல் என்று கூவிவிட்டுத் தன் ஆம்புலன்ஸைத் தானே கொண்டுபோய்த் தான் வைத்த கண்ணிவெடியிலேயே ஏற்றினார், அன்றைக்கு மாடிப்படி வரைக்கும் சிரிப்பு உருண்டது. அதுதான் இந்த ஆட்டத்தின் ருசியே, வாய் முந்திக்கொள்ளும், கை பின்னால் போய் அனுபவிக்கும். ஐந்து வாரமாக அந்த ருசி இல்லை. ஐந்து வாரமாகச் சீட்டு. எல்லாரும் பரீட்சை எழுதுவதுபோலத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்து மிஸ்ஸிடம் நீட்டுகிறார்கள், மிஸ் பிரித்துப் படிக்கிறார், கை நகர்த்துகிறது, ஃபேன் சத்தம் கேட்கிறது. ஒருத்தி வாயால் மூணு வாய்க்குப் பூட்டு. அதைத் திறக்கச் சொல்லி அவள்தான் வாட்ஸப்பில் கெஞ்சினாள், மிஸ் இப்போது நின்றுகொண்டு நிபந்தனையைப் படித்தார்: "இன்னிக்கு ஒரு ஆட்டத்துக்குக் கூவல் உண்டு. ஆட்டம் முடியற வரைக்கும் கோகிலவாணி தன் சொந்தக் குரல்லதான் பேசணும். வேற யார் குரலாவது ஒரு தடவை வந்துச்சுன்னா அப்பவே படி இறங்கிரணும், அப்புறம் இந்த மேஜைப் பக்கமே வரக்கூடாது. எங்களுக்கு ஆயுசுக்கும் சீட்டு. சம்மதமா?" தலையை ஆட்டினாள். "வாயத் திறந்து சொல்லலாம்ல?" என்றார் ஹாரூன் அண்ணன். மறுபடியும் தலையைத்தான் ஆட்டினாள். சம்மதம் என்ற சொல்லை யார் குரலில் சொல்வது? அந்தச் சொல்லைக் கேட்டதும் கல்யாண மண்டபத்து மைக்செட்காரர் ஒருவர் தொண்டையில் வந்து 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்று நின்றார், அவரைத் தள்ளிக் கீழே அனுப்பவே உயிர் போய்விட்டது.

"மூணாம் கியர், வளைவு!" என்று ஹாரூன் அண்ணன் கூவினார், ஐந்து வாரத்துப் பசி அந்தக் கூவலில் இருந்தது, கீழே ரோட்டில் போனவர்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார். அந்த மூணாமில் 'மூ'வை விழுங்கிவிட்டு 'ணாம்' என்று பாய்கிற வேகம், டிஸ்ப்ளே மாத்தணும்ங்க ஆயிரத்து இருநூறாகும்ங்க நாளைக்கு வாங்க என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வேகம், அது கோகியின் நாக்கின் நுனிக்கு வந்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. சும்மா ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம், உதடு அசையாமல். வேண்டாம். ஆம்புலன்ஸ் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு மரியாதையாக விலகிப் போனது. ஆமாம், மரியாதைதான். சுடுவதற்கு வாகான இடத்தில் ஜீப் நின்றது, ஹாரூன் அண்ணன் சுடவில்லை; கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல ஒரு பணிவோடு தாண்டிப் போனார். ஐந்து வாரமாக ஜீப்பை யாரும் தொடுவதில்லை. எல்லாம் அவள் செய்த வேலை. ஏழு வாரத்துக்கு முந்திய ஞாயிறு. நாச்சிமுத்து மாமா குனிந்து டீ டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார், மிஸ் நோட்டில் தலை கவிழ்ந்திருந்தார், ஹாரூன் அண்ணன் திரும்பி நின்று ஆம்புலன்ஸின் வயரை ஒட்டிக்கொண்டிருந்தார், பின்னால் நின்ற கோகி மாமாவின் குரலில், அந்த இழுவை, அந்தப் புகையிலைக் கனம், ஒவ்வொரு சொல்லையும் ஸ்பேனர் வைத்துத் திருகி இறுக்கிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகும் அந்த நிதானம், அத்தனையும் அச்சாக, "நாலாம் கியர், நேர்" என்று கூவினாள். மிஸ் எழுதினார். ஜீப் மேஜை விளிம்பில் நின்றிருந்தது. மாமா நிமிர்ந்தார், மறுக்கவில்லை, நான் சொல்லலையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நோட்டைப் பார்த்தார், அட்டையை எடுத்தார், தன் வண்டியைத் தானே ஒன்று, இரண்டு என்று வைத்து மேஜைக் கதவின் ஓரத்தைத் தாண்டி நடத்திக் கீழே விழவிட்டார். முன் அச்சு ஒடிந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. கோகி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். உடனே சொல்லிவிட்டால் அதில் என்ன சுவை இருக்கிறது, அடுத்த ஞாயிறு எல்லாரும் இருக்கும்போது மறுபடி அதே குரலில் கூவிக் குட்டை உடைக்கலாம், அதுவல்லவா உச்சம், என்று ஒரு வாரம் அந்தத் திருட்டைத் தேன்மிட்டாய் மாதிரி கன்னத்தில் அதக்கி வைத்திருந்தாள்.

ஒரு வாரம். ஏழு நாள். அந்த ஏழு நாளும் மாமா என்ன செய்தார் என்று ஹாரூன் அண்ணன் பிறகு சொன்னார், சார்ஜர் பின்னைத் துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். 'அவரு குரலை அவரே கேட்டிருக்காரு கோகி. தான்தான் சொல்லியிருக்கோம், சொன்னது ஞாபகமில்லைன்னு நெனச்சுட்டாரு.' மாமாவின் அப்பா கடைசிக் காலத்தில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவராம், சொன்னதே தெரியாமல் சொல்லுவாராம். 'அப்பனுக்கு அறுபத்தெட்டுல வந்துச்சு, எனக்கு அம்பத்திரண்டுலயே வந்துருச்சா' என்று லேத் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாராம். சம்சாரத்திடம் சோறு போடும்போதெல்லாம், 'நான் இப்ப ஏதாச்சும் பேசுனனா?' நடு வேலையில் மெஷினை நிறுத்திவிட்டு, 'இப்ப நான் ஏதாச்சும் பேசுனனா?' அந்தக் கேள்வியைக் கோகி அவர் குரலில் நூறு தடவை உள்ளுக்குள் கேட்டுவிட்டாள், வேண்டுமென்று இல்லை, தானாக ஓடுகிறது, குழாயைச் சரியாக மூடாத வீட்டில் சொட்டுவதுபோல. மற்றக் குரல்களைச் செய்யும்போது ஒரு குறுகுறுப்பு வரும். இது வரும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறாள். அடுத்த ஞாயிறு அவள் கூவிக் காட்டினாள், எப்படி என்று கையை விரித்தாள், யாரும் சிரிக்கவில்லை, மாமா ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "அப்ப அது நானில்லையா" என்றார். மறுபடியும், "நானில்லையா." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் வந்தது நிம்மதி, அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை அவளால் பார்க்க முடியவில்லை. ஒருத்தருக்கு அவரையே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைதட்டு எதிர்பார்த்து நின்றிருந்தாள்.

"முதல் கியர்ர்ர், நேரு" என்றார் நாச்சிமுத்து மாமா. மெதுவாக, தன் குரல் தன்னிடமிருந்துதான் போகிறதா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதுபோல. அச்சை மாற்றிப் புது ஸ்பிரிங் போட்டு ஜீப்பை முன்னைவிடப் பலமாக ஆக்கிவிட்டார், ஆனால் ஐந்து வாரமாக முதல் கியர்தான். ஜீப் ஒரு அட்டை முன்னே போனது. இப்போது அவளுக்கும் அதற்கும் பன்னிரண்டு விரற்கடை. மூன்று அட்டை. போன வாரம் சீட்டில் எழுதும்போது அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னது காதில் நின்றது: "எல்லாரும் என்ற வண்டியச் சுத்திச் சுத்திப் போறீங்க. நானென்ன ரோட்டுல படுத்திருக்கிற மாடா?" அவர் தன்னை ஒரு நோயாளியாக நினைத்த ஏழு நாளுக்கு அவள் பொறுப்பு. அதற்குப் பிறகு அவரை நோயாளியாக நடத்தும் ஐந்து வாரத்துக்கு இந்த அறை மொத்தமும் பொறுப்பு. இரண்டாம் கியர், வளைவு என்றால் அவளும் பணிவாக ஒதுங்கிப் போகலாம், எல்லாருக்கும் பிடிக்கும், பாவம் திருந்திட்டா பொண்ணு என்பார்கள். திருந்தினாளாம். தலையில் எண்ணெய் தடவிச் சீவிய மாதிரி ஒரு திருந்தல். அதுவும் ஒரு வேஷம்தானே, நல்லபிள்ளைக் குரல், அதையும் எங்கிருந்தோ எடுத்துத்தான் போட்டுக்கொள்ளணும். வேண்டாம். மோதினால் மோதியதுதான். எதிராளியாக மதித்து, பல்வரிசையோடு, நேராக. முடிவு பண்ணிவிட்டாள், எலும்புக்குள் எதுவோ ஆணி அடித்ததுபோல உட்கார்ந்தது. இனி வார்த்தை இரண்டுதான், கியரும் அட்டையும். ஆனால் அதை எந்தக் குரலில் ஊற்றிக் கொடுப்பது?

"கோகிலவாணி, உன் முறை. இருபது எண்ணுவேன்" என்று மிஸ் விரலை விரித்தார். ஒண்ணு. இரண்டு. சொந்தக் குரல் என்ற ஒன்றை எங்கே வைத்திருக்கிறோம்? காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேடினாள், முதலில் ரயில்வே ஸ்டேஷன் அக்கா வந்தாள், 'பயணிகள் கவனிக்கவும்' என்று, பிறகு கெமிஸ்ட்ரி சார், பிறகு அம்மா, அம்மாவின் குரல்கூட இல்லை, அம்மா போனில் பெரிய மனுஷர்களிடம் பேசும் குரல். ஆறு. ஏழு. வகுப்பில் அட்டெண்டன்ஸ் சொல்வதே வேறு வேறு ஆளாக; இந்த அறைக்கு முதல்நாள் வந்தபோதே ஹாரூன் அண்ணனிடம் ஹாரூன் அண்ணனாகத்தான் பேசினாள், அவர் சிரித்தார், சிரித்தார் என்பதால் அடுத்த ஞாயிறும், பிறகு எட்டு மாதமும். சிரிக்க வைத்தால் உட்கார இடம் கிடைக்கும், எங்கேயும், எப்போதும், அது அவளுக்குப் பாலர் பள்ளியிலேயே தெரியும். சிரிக்க வைக்காத ஒரு குரலோடு ஒருத்தி வந்தால் யார் இடம் தருவார்? பத்து. பயம் இதுதானா, படி இறங்குவது இல்லையா, வாயைத் திறந்தால் உள்ளே யாருமே இல்லாமல் காற்று மட்டும் வந்துவிடுமோ என்பதா? பன்னிரண்டு. மிஸ்ஸின் மூக்குக் குரலை விலக்கு. அண்ணனின் அவசரத்தை விலக்கு. மாமாவின் இழுவையை, அதை மெதுவாக, உடையாமல் விலக்கு. ரயில் அக்கா, மைக்செட்காரர், கெமிஸ்ட்ரி சார், எல்லாரும் இறங்குங்க, வண்டி இதுக்கு மேல போகாது. பதினாறு. தொண்டையில் இப்போது எதுவுமில்லை, வறட்சி மட்டும் இருக்கிறது, வறட்சி என்னுடையது, அதில் ஆரம்பி. பதினெட்டு. "மூணாம் கியர்" என்றாள், இல்லை, வந்தது, எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக, கொஞ்சம் கரகரப்பாக, அட்டைப்பெட்டியைத் தரையில் இழுத்ததுபோல, "நேர்" என்னும் இடத்தில் நடுவே உடைந்து இரண்டாகி.

விசில் காதைக் கிழித்தது. "ஃபவுல்! யார் குரல் அது?" கோகி எடுத்த அட்டையைத் திரும்ப வைத்தாள். "சொல்லு, யாரு அது? இந்தக் குரல இங்க யாருமே கேட்டதில்ல" என்றார் மிஸ், பேனாவை நோட்டிலிருந்து எடுத்துவிட்டு. ஹாரூன் அண்ணன் கண்ணைச் சுருக்கினார். "மிஸ், அந்த பேக்கரி அக்காவா?" "அந்தம்மா கீச்சுனு பேசும். இது வேற." "அப்ப உங்களுதா?" "என் குரலாடா இது?" "ச்சே, இல்ல மிஸ், உங்களுதுன்னா செவுரே அட்டென்ஷன்ல நின்னிருக்கும். மாமா, உங்க வீட்டுல அத்தை?" "என்ற சம்சாரம் இத்தன மெதுவாப் பேசுனா நான் எதுக்குடா ஞாயித்துக்கிழமையானா இங்க வந்து உக்காந்துக்கறேன்." ஒவ்வொருவராக மிஸ் சுட்டிக் கேட்டார், உங்களுதா, இல்லீங்க, உன்னுதா, இல்ல மிஸ், கண்டெடுத்த குடையை வகுப்பில் தூக்கிக் காட்டிக் கேட்பதுபோல. குடைக்கு ஆள் வரவில்லை. இதற்கும் படி இறங்கணுமா, யாருடையதும் இல்லாததற்குமா, என்று கோகியின் உள்ளே யாரோ கத்தினார்கள், தொண்டைக்குள் அத்தனை பேரும் மறுபடி எழுந்துவிட்டார்கள், மிஸ் குரலில் ஒரு அதட்டல் போட்டால் இப்போதே எல்லாரும் சிரித்துவிடுவார்கள், சிரித்தால் மன்னித்துவிடுவார்கள், எத்தனை சுலபம். "என்னோடது" என்றாள், அதே கரகரப்பில். "என்னோடதுங்க மிஸ். நான் அதிகம் பேசினதில்ல அதுல." "அதெப்படி நம்பறது?" என்றார் மிஸ்.

நாச்சிமுத்து மாமா கையை உயர்த்தினார். "இன்னொருக்கா கூவு அம்முணி" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. லேத்தில் எங்கேயோ ஒரு போல்ட் லூசாக இருந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பவர். தன் குரலை அடுத்தவள் வாயிலிருந்து கேட்டு அதைத் தான் என்று நம்பி ஏழு நாள் நடந்தவர். அவர் முன்னால் கூவணும். கோகி கூவினாள். இந்தத் தடவையும் 'நேர்' உடைந்தது, அதே இடத்தில், ஒட்ட வைக்க அவள் முயலவில்லை. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "எழுதுங்க மிஸ்" என்றார். "இது திருட்டுச் சரக்கில்ல. திருடறவ இதவிட நல்லதாப் பாத்துத் திருடியிருப்பா." ஹாரூன் அண்ணன் வெடித்துச் சிரித்தார், மிஸ் சிரிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நோட்டில் குனிந்தார், பேனா ஓடும் சத்தம் கேட்டது, மூணு, நேர், கோகிலவாணி. அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. "இரு, இரு. மூணா? நேரா? என்ற மேலயா?" "ஆமாங்க மாமா." "ஒதுங்கிப் போலாமுல்ல?" "போலாங்க. போகல." அட்டையை வைத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று, சேஃப்டிபின் பல்வரிசை பச்சை ஜீப்பின் முதுகில் டக்கென்று இடித்தது. மோதினால் ஆளுக்கொரு பகடை போடணும், போட்டார்கள், அவளுக்கு ஐந்து, அவருக்கு இரண்டு. சட்டப்படி ஜீப் ஒரு அட்டை தூக்கியெறியப்பட்டுத் தாலுகா ஆபீஸ் மேல் போய் விழுந்தது, இருமல் மருந்துப் பெட்டி மல்லாந்தது. "அடிப்பாவி!" என்றார் மாமா. ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழ, எழுந்து நின்றார், ஐந்து வாரத்தில் அவர் எழுந்து நின்று யாரும் பார்க்கவில்லை. "மூணாம் கியர், திருகல்! பீரங்கி! இவளச் சும்மா விடறதில்ல!" "ஐயோ, உங்க முறை வரலைங்க, ஹாரூனுக்கு அப்புறந்தான் நீங்க" என்றார் மிஸ். "முறையாவது மண்ணாவது, நீங்க எழுதுங்க!" அறை முழுக்க ஒரே கூச்சல், அதற்குள் ஒரு புதுச் சிரிப்பும் கேட்டது, கரகரவென்று, அடக்கமில்லாமல், அது யாருடையது என்று பார்க்கக் கோகிக்கு நேரமில்லை, ஜீப்பின் பித்தளைக் குழல் அவள் டாக்சியின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.